டிரங்குப் பெட்டியின் சாவி

என் ஜெபமாலையில், பாடுபட்ட சுரூபச் சிலுவைக்குப் பக்கத்தில், ஒரு பித்தளைச் சாவி தொங்குகிறது. கோயிலில் அருகில் அமர்கிறவர்கள் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அது அம்மாவின் சைகோன் டிரங்குப் பெட்டிச் சாவி.

காரைக்காலிலிருந்து போய் பிரெஞ்சு சுங்க இலாகாவில் வேலை பார்த்த அப்பா, சைகோனிலேயே காய்ச்சலில் இறந்தார். அதற்குமுன் அம்மா எப்படியோ தெரியாது. நான் அறிந்த அம்மா எவரையும் நம்பாதவர். மீன்காரியின் தராசைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். சீக்ளோ ரிக்‌ஷாக்காரன் குறுக்குத் தெருவில் திரும்பினால் இறங்கிவிடுவார். பூசையில் காணிக்கைத் தட்டு நகரும்போதுகூடக் கண்ணை மூடமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரே ஒருவரை நம்பினார், ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்திய என் ஞானத்தகப்பனாரை. காரணம் வேறொன்றுமில்லை. அப்பா போனபின் சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து, பீடத்தின் முன் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னவர் அவர். நாங்கள் பின்னாலிருந்து பதில் சொல்வோம். முடிவில், பயணம் போகிறவர்களின் பெயர் சொல்லி ஒரு பரமண்டல மந்திரம் சேர்ப்பது எங்கள் ஆட்கள் வழக்கம். அதையும் அவர் ஒருநாளும் விட்டதில்லை. ஜெபத்தில் முன்னால் நிற்கிறவர் சொல்லிலும் நிற்பார் என்று அம்மா எண்ணிவிட்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியதும், ஊர் திரும்ப எங்கள் கப்பல் சீட்டுகளை அலைந்து வாங்கியவரும் அவர்தான். சீட்டுகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் டிரங்குப் பெட்டியைத் துறைமுகத்துக்கு எடுத்துப்போனார். அம்மா பெட்டியைக் கொடுத்தார், சாவியைக் கொடுக்கவில்லை.

"காலைல காரோட வந்துடுறேன் தங்கச்சி. புள்ளைய ரெடி பண்ணி வை."

இஸ்திரி போட்ட கவுனோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. துறைமுகப் பக்கம் கப்பல் ஊதியது. அம்மா என் கையைப் பிடித்த பிடி வலித்தது. ஞானத்தகப்பனார் கப்பலேறிப் போய்விட்டார், எங்கள் சீட்டுகளில் அவருடைய மச்சினியும் அவள் மகளும் ஏறிவிட்டார்கள் என்று மத்தியானம் எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்னார். பக்கத்துச் சோலோன் பேட்டையில் துப்பாக்கி வெடிக்கிற ஊரில், ஆண் துணையில்லாத வீட்டில், நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் அம்மா முதன்முறையாகத் தாமே பீடத்தின் முன் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னார். பயணிகளின் மந்திரம் வந்தது. அம்மா அவர் பெயரைச் சொன்னார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஆளுக்கா? நம்மள நட்டாத்துல விட்டவருக்கா?"

"அவரை எவ நம்புவா இனிமே? ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சிட்டேன். கணக்கை அவரு கேட்டுக்குவாரு. நம்மளையும் அவரேதான் பாத்துக்கணும், வேற ஆளு இல்ல."

சொல்லிவிட்டு அழுதார். பிறகு எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஆண்டவரை நம்புகிறவர் தாழ்ப்பாளை நம்பவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

பல மாதம் கழித்து விதவைகளுக்கு இடம் ஒதுக்கிய கப்பலில் வந்து சேர்ந்தோம். காரைக்கால் வீட்டுக்கு மறுவாரமே மாட்டுவண்டியில் டிரங்குப் பெட்டியோடு ஞானத்தகப்பனார் வந்தார். தலை நிமிரவில்லை.

"பூட்டைத் தொடக்கூட இல்ல தங்கச்சி."

"எப்புடித் தொடுவீங்க அண்ணே? சாவி என்கிட்டல்ல இருந்துச்சு."

அம்மா திறந்து பார்த்தார். அப்பாவின் சட்டைகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. விளக்கு வைக்கிற நேரம். வழக்கம்போல அவர் பீடத்தின் முன் போய் நிற்க, அம்மா, "நீங்க பின்னால வாங்க அண்ணே" என்றார். அவர் வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டார். அம்மா ஜெபமாலை சொன்னார். கடைசி மந்திரத்தில், அவர் பயணம் முடிந்து கரையேறிப் பின்னால் முழந்தாளிட்டிருந்தபோதும், அவர் பெயரை விடாமல் சொன்னார். கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகை நிஜந்தானா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெட்டி துருப்பிடித்துப் போய்விட்டது. அம்மாவும் இல்லை, அவரும் இல்லை. ஜெபமாலை முடிந்து விரல் சாவியில் வந்து நிற்கும்போது அவர் பெயரைச் சொல்கிறேன். அவரை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் ஒருநாள்கூட விட்டதில்லை.