அந்தக் காட்சி வரும்போது

ஹாலில் மகள் பார்க்கும் சீரியலில் ஒருவன் மனைவியைக் கன்னத்தில் அறைகிறான். சீரியல் வழக்கப்படி ஒரே அடி மூன்று முறை கேட்கிறது. நான் எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டேன்.

என் சிறுவயதில் பம்மலில் எங்கள் வீட்டு டிவி முன்னால் அம்மா சும்மா உட்கார்ந்ததே இல்லை. வெங்காயம் உரித்தபடி கதாநாயகியோடு பேசுவாள்.

"அந்தப் பாலைக் குடிக்காதடி, உன் ஓர்ப்படி என்னமோ கலந்துட்டா."

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா சீரியலைவிட அம்மாவின் பேச்சைக் கேட்கத்தான் வருவார். ஆனால் புருஷன் பெண்டாட்டியை அடிக்கும் காட்சி வந்தால் மட்டும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். அக்கா டிவி சத்தத்தைக் குறைப்பார். அப்பா கை நீட்டும் நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு எல்லாம் கேட்கும்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா பாதியில போயிட்ட? அப்புறம் என்னாச்சுன்னு தெரிய வேணாமா?"

"அப்புறம் இன்னா ஆவும். எழுந்து வந்து அவனுக்குச் சோறு போடுவா."

இப்போது ஹாலிலிருந்து மகள் கேட்கிறாள்.

"இந்த மாதிரி சீன் வந்தாலே எழுந்து போயிடறியேம்மா. அடுப்புல என்ன இருக்கு?"

அடுப்பில் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் டிவி சத்தம் குறைகிறது.