ஒன்பதாம் பாகத்து மாமா

என் அண்ணி நூலகத்துக்குள் நுழைந்ததும் புத்தகம் தேடுவதில்லை. யாரோ முனை மடித்துவிட்டுப் போன பக்கங்களைத் தேடி நிமிர்த்துகிறார். பென்சில் கோடு கண்டால் கைப்பையிலிருந்து அழிப்பானை எடுக்கிறார். "பொதுச் சொத்துல கிறுக்கறவன் கைய உடைக்கணும்" என்று பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துச் சொல்கிறார்; கிறுக்கியது அவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

வயது ஐம்பத்து மூன்று. பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். நோயாளி வாயைத் திறந்தபடி பேச வழியின்றிக் கிடக்கும்போது, தாம் படித்த கதையை ஆரம்பித்துவிடுவார். மீதிக் கதைக்காகவே பல்வலியோடு திரும்பி வந்தவர்கள் உண்டு என்பது அண்ணனின் கூற்று. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அவர் ஜெர்மன் கற்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கொலை. ஒரு ஜெர்மன் நாவலில் ஆலை முதலாளி ஒருவர் கொல்லப்படுகிறார். அவருடைய மகளே துப்பறிந்து கதையையும் சொல்கிறாள். மழையில் அவளுக்குக் குடை பிடிப்பவரும், அவள் துவண்டால் தேற்றுபவரும் அவளுடைய மாமா. ஒன்பது பாகங்களில் எட்டு தமிழில் வந்தன. அத்துடன் மொழிபெயர்ப்பாளர் காலமானார். கொலையாளி ஒன்பதாம் பாகத்தில், ஜெர்மன் மொழிக்குள் பத்திரமாக இருந்தான்.

"யாரு வேணா கொன்னிருக்கட்டும் தம்பி, அந்த மாமா மேல மட்டும் பழி விழக் கூடாது. என் சொந்தத் தாய்மாமன் மாதிரி ஆயிட்டாரு" என்பார் அண்ணி.

நூலகம் நூலகமாக அலைந்தார். கிளை நூலகத்தில் ஜெர்மன் அகராதி மட்டும் இருந்தது. அதிலும் பின்பாதியைக் காணோம். பல்கலைக்கழக நூலகத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். மருத்துவமனை அட்டையை நீட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் ஒரு மொழிப் பயிற்சி நிலையத்து நூலகத்தில் புத்தகம் அகப்பட்டது. அங்கே மாணவர்களுக்கு மட்டுமே இரவல். மாணவியாகிவிட்டார். நூலகர் இரக்கப்பட்டு, "முடிவ நானே சொல்லிடட்டுமா மேடம்?" என்று கேட்டதற்கு, இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வாசல்வரை ஓடினாராம்.

"எதுக்குப் படிக்க வந்தீங்கன்னு கிளாஸ்ல கேட்டாங்க. ஒருத்தன் வேலைக்குன்னான், ஒருத்தி மேல்படிப்புக்குன்னா. நான் கொலைக்குன்னேன்."

அந்த மொழியில் அவருக்கு ஒரு காபி கேட்கத் தெரியாது. பிணத்தை முதலில் பார்த்தது யார் என்று பிழையின்றிக் கேட்பார்.

அண்ணனுக்கு வேறு சங்கடம். "தூக்கத்துல 'கிஃப்ட், கிஃப்ட்'னு புலம்பினாடா. ஆசைப்படறாளேன்னு ஒரு வாட்ச் வாங்கிக் குடுத்தேன். ஜெர்மன்ல அதுக்கு விஷம்னு அர்த்தமாம்! அன்னியிலேருந்து சோத்த மோந்து பாத்துட்டுத்தான் சாப்பிடறேன்."

சென்ற மாதம் ஒரு காலையில் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். குடும்பத்து வம்சாவளியை எழுதிப் பராமரிப்பவன் என்பதால் உறவுமுறைச் சிக்கல் எல்லாம் என்னிடம்தான் வரும். ஒன்பதாம் பாகம் முடிந்திருந்தது. முகம் துக்க வீட்டுக்குப் போய் வந்தது போல் இருந்தது.

"தம்பி, அவங்க ஊர்ல மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாமே ஒரே 'ஓங்கெல்'தான். நம்ம மொழிபெயர்ப்பாளர் குத்துமதிப்பா மாமான்னு போட்டுட்டாரு. கடைசிப் பாகத்துல அந்தப் பொண்ணே தெளிவாச் சொல்லுது, எங்கப்பாகூடப் பிறந்தவருன்னு."

"அண்ணனா, தம்பியா?"

"பத்து வயசு சின்னவன்."

"அப்ப சித்தப்பா, அண்ணி."

"பங்காளி!" என்று மேசையைத் தட்டினார். "ஆலையில பங்கு இருக்கு பாருங்க. கொன்னதும் அவன்தான். மாமாவுக்குச் சொத்துல என்ன இருக்குன்னு எட்டுப் பாகமும் நான் சந்தேகமே படல. சித்தப்பான்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா முதல் பாகத்துலயே அமுக்கியிருப்பேனே!"

மறுநாள் கிளை நூலகத்துக்கு அவருடன் போனேன். தமிழில் வந்த முதல் பாகத்தை எடுத்துப் புரட்டினார். வழியில் முனை மடிந்த பக்கம் ஒன்று வந்தது, நிமிர்த்தாமல் தாண்டினார். குடையோடு அந்த மனிதர் முதன்முதலாக வரும் பக்கத்தில் நின்றார். இருபுறமும் பார்த்தார். என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, 'மாமா' என்பதை அடித்து, மேலே 'சித்தப்பா' என்று எழுதினார்.

அவரை மாமா என்று அண்ணி நம்பியிருந்தது பதினோரு ஆண்டுகள்.