ரிம்மில் பூசிய எண்ணெய்

கிரீஸ் வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. என் தலைக்கு மேலே இருக்கும் அலமாரியைப் பார்த்துக் கேட்பார்கள், இல்லையென்றால் உள்ளே உட்கார்ந்திருக்கும் முதலாளியைப் பார்த்து. ஏற்காடு டவுனில் இருக்கும் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை, சேலத்திலிருந்து மேலே வந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துடையது. முதலாளியை ஊரே பாய் என்கிறது, நானும் அப்படித்தான். கொள்முதல் அவர் பொறுப்பு. சைக்கிள் சாமான், ஆயில், கிரீஸ் எல்லாம் என் பொறுப்பு. எதற்கு வேண்டும், செயினுக்கா, உள்ளே பால்ரஸ் குண்டுக்கா என்று நான் திருப்பிக் கேட்டால் வந்தவருக்குச் சுருக்கென்று ஆகிவிடும். ஒரு பொம்பளை கேள்வி கேட்கலாமா? கிரீஸ் என்றால் கிரீஸ்தான், எடுத்துக் கொடு என்பார்கள்.

கொடுப்பேன். கெட்டி கிரீஸை வாங்கிக்கொண்டு போய் செயின் மேல் அப்பி, செம்மண் ஒட்டி, அது அரைத்து அரைத்துப் பல்சக்கரத்தையே தின்று முடித்த பிறகு, மட்டமான செயினை என் தலையில் கட்டிவிட்டாய் என்று அதே ஆள் சண்டைக்கு வருவார். இன்னொருத்தர் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார். மார்கழிக் குளிரில் தலைக்கு வைக்கிற பாட்டிலிலேயே அது கல்லாக உறைந்து கிடக்கிறது, செயினில் மட்டும் ஓடுமா? வேறொருத்தர் துரு எடுக்கிற ஸ்ப்ரேயைச் சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்புக்குள் பீய்ச்சி, உள்ளே நல்லபடியாக இருந்த கிரீஸையும் கரைத்து வெளியே அனுப்பியிருப்பார். உள்ளே குண்டு உருள்கிற இடத்துக்குக் கெட்டி கிரீஸ், செயினுக்கு மெல்லிய ஆயில் கண்ணிக்கு ஒரு சொட்டு, விட்டதும் மேலே வழிந்ததைத் துணியால் துடைக்க வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? காது கொடுத்துக் கேட்டால் போதும். அந்தக் காதுதான் யாருக்கும் இல்லை.

கடைக்கு வருகிறவர்கள் எப்படியோ போகட்டும். செயின் போனால் வேறு செயின். என் வயிறு எரிவது வேறு ஒன்றுக்காக.

நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மிளகு பறிக்கிறார், காப்பிச் செடிகளைக் கவாத்து செய்கிறார். அவருடைய அண்ணன் அதே எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். லைனில் எந்தச் சக்கரம் நின்றாலும் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டாரும் அவரே, மிக்ஸியும் அவரே. ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவி எண்ணெய் போட்டுப் பொட்டு வைப்பதும் அவர் பொறுப்பு. அந்த ஒரு நாள் அவரைப் பார்க்க வேண்டும், கோயில் பூசாரியே தோற்றுப்போவார்.

லைனில் ஆண்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறி நாளாகிவிட்டது. மிதிக்கிற சைக்கிள் என்றால் என்னுடையதும், பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்ததும்தான். பையன்களுக்கும் கொடுக்கிறார்கள்தான், அவர்களோ வந்ததும் விற்றுவிடுவார்கள். என் மகளுக்கும் இது நடந்த வருஷம்தான் ஒன்று வந்திருந்தது. வந்த அன்றைக்கே ஹப்பையும் பெடலையும் பிரித்துப் பார்த்தேன். பேருக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தார்கள். வழித்துப் போட்டுவிட்டு நல்ல கிரீஸ் வைத்து முடுக்கினேன். லைனிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் இறக்கமும் வளைவும். பஸ்ஸை நம்பினால் முதல் பீரியட் போய்விடும், சாயங்காலம் ஊடு வந்து சேர இருட்டிவிடும் என்று மூன்று வருஷமாகப் புலம்பியவள், சைக்கிள் வந்த பிறகு புலம்புவதை விட்டுவிட்டாள். அவள் அதில் ஏறிப் போவதைப் பார்த்தால் எனக்கே தலை நிமிரும்.

மற்ற வருஷங்களில் ஆயுத பூஜைக்கு என் சைக்கிள் கடையிலேயே நிற்கும். அதற்கு வேண்டியதை நானே செய்துவிடுவேன். அந்த வருஷம், குடும்பத்து வண்டி எல்லாம் ஒன்றாக நிற்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரின் அண்ணன் சொல்லி அனுப்பினார். சரி, நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வாயாடுவது என்று சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். பூஜை நாளில்தான் எங்கள் கடையில் ஆயிலும் கிரீஸும் அள்ளிக்கொண்டு போவார்கள், எனக்கு லீவு கிடைக்காது. திரும்பி வரும்போது பூஜை முடிந்து பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது. வண்டிகள் வரிசையாகச் சந்தனமும் குங்குமமுமாக நின்றன, எல்லாம் பளபளவென்று. ஜீப்பில் மாற்றிய பழைய ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்து வைத்திருந்து, துணியில் நனைத்து, சைக்கிள்களுக்குத் தலை முதல் கால் வரை பெரியப்பாவே பூசிவிட்டார் என்று மகள் சொன்னாள். கறுப்பு ஆயிலா என்று எனக்கு முகம் சுருங்கியது. செயினைப் பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. பள்ளிக்கூடம் லீவு, கடை உண்டு. பொட்டும் பூவுமாக இருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நிற்கவில்லை. இரண்டு பிரேக்கையும் விரல் வலிக்க இறுக்கினேன், அது பாட்டுக்குப் போனது. எதிரே பஸ் வராதது என் அதிர்ஷ்டம். வேலியை உடைத்துக்கொண்டு காப்பிச் செடிக்குள் போய், ஒரு சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியோடு மோதி விழுந்தேன். முழங்கை தோல் உரிந்து, மணிக்கட்டு வீங்கிவிட்டது. கிடந்த இடத்திலிருந்தே கையை நீட்டி ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். விரலெல்லாம் கறுப்பு ஆயில். பிரேக் கட்டை பிடிக்கிற அந்த இரும்புப் பட்டையில், சொட்டு விட்டால்கூட ஆகாத இடத்தில், அந்த மனிதர் நன்றாகப் பூசி மெருகேற்றி, அதற்கு மேல் குங்குமமும் வைத்திருந்தார்.

வலியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அதற்கு அப்புறம்தான் மகளுடைய சைக்கிள் ஞாபகம் வந்தது. அதே வரிசையில், அதே கையால், அதே டப்பா ஆயில். அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடம் திறக்கிறது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தேன். லைனில் என்னைப் பார்த்தவர்கள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்கள், மஞ்சள் வைத்தார்கள். அதற்குள் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். பூஜை போட்ட வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றாமல் எடுத்துப் போனேனாம். பூசணிக்காய் உடைக்கும்போது நான் இல்லையாம். கண் பட்டுவிட்டதாம். ரிம்மில் ஆயில் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள் என்று விரலைக் காட்டினேன். ஒருத்தரும் தொடவில்லை. அண்ணன் வருஷா வருஷம் செய்வதுதானே, இப்போது மட்டும் என்ன வந்தது என்றார் என் வீட்டுக்காரர். என் கையில் ரத்தம் வழிகிறது, அவருக்கு அண்ணன் பேர் கெட்டுவிடக் கூடாது என்கிற கவலை.

அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பாத்திர சோப்பும் நாரும் எடுத்துக்கொண்டு மகளுடைய சைக்கிளை வெளியே இழுத்துக் கவிழ்த்து வைத்தேன். சுடுதண்ணீர் ஊற்றி ரிம்மைத் தேய்த்தேன், கறுப்பாக வழிந்தது. பிரேக் கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளில் உரசினேன். வீங்கின கை ஒத்துழைக்கவில்லை. மகள் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிக் கொடுத்தாள். சந்தனமும் குங்குமமும் கரைந்து முற்றத்தில் ஓடுவதைப் பார்த்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், என் வீட்டுக்காரரின் அண்ணனே வந்து சேர்ந்தார்.

"பூஜை போட்ட வண்டியக் கழுவறது நொம்பப் பாவம் அம்மணி. மூணு நாளைக்கு அப்படியே இருக்கோணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, விவரம் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரிம்மில் எதற்கு எண்ணெய் பூசினீர்கள் என்று கேட்டேன். துருப்பிடிக்காமல் இருக்கத்தான், பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்றார். பிரேக் பிடிக்காதே என்றேன். நாலு நாள் ஓட்டினால் தானாகப் போய்விடும், அது வரைக்கும் பார்த்து ஓட்ட வேண்டியதுதான் என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சொன்னது அவர் ஆயிற்றே.

எழுந்து நின்றேன். "ஏனுங்க மாமா, ஜீப்புக்கும்தானே பூஜை போட்டீங்க. அதோட பிரேக்குக்கும் எண்ணெய் உட்டீங்களா?"

அவர் சிரித்தார். "ஜீப்பு பிரேக்குல எவனாச்சும் எண்ணெய் உடுவானா அம்மணி? அதுல ஆளுங்க போறாங்கல்ல."

எல்லோரும் கேட்டார்கள். தெரியாமல் செய்துவிட்டார் என்று அதுவரைக்கும் என் மனசில் ஒரு மூலை அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தது. இல்லை. பிரேக்கில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எஸ்டேட் துரையும் கணக்கு எழுதுகிற ரைட்டரும் ஏறுகிற வண்டியில் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். பொம்பளைப் பிள்ளைகள் ஓட்டுகிற வண்டி அவருக்கு ஒரு வண்டியாகவே தெரியவில்லை. அதற்குப் பளபளப்பு போதும் என்று விட்டுவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கேட்டுவிட்டாள். சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அப்ப நான் ஆளில்லீங்களா பெரியப்பா?"

அவர் முகம் தொங்கிப்போனது. பொட்டப்பிள்ளைகளுக்கு எதற்கு சைக்கிள், பஸ்ஸில் போகட்டும் என்று என் வீட்டுக்காரரிடம் எதையோ முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனுக்குத் தலையாட்டவில்லை. குனிந்து நாரை எடுத்து என் சைக்கிளின் ரிம்மைத் தேய்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே பெண்தான். சுடுதண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். அடுப்பில் இன்னொரு குண்டான் ஏற்றச் சொன்னேன்.

இப்போதும் என் வீட்டுக்காரரின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருகிறார். டீ கொடுக்கிறேன், குறைவில்லாமல் மரியாதையாகப் பேசுகிறேன். ஆனால் என் மகள் கேட்டதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்கிறவரைக்கும் அவள் வண்டியை அவர் தொட நான் விடப்போவதில்லை.