உள்ளே இடம் இருக்கு

என் அத்தை பஸ் கண்டக்டர். அவள் விசில் அடித்தால் டிரைவர் மட்டுமல்ல, வீட்டில் மாமாவும் நின்றுவிடுவார். லீவு நாளில் அவள் நூலகத்துச் சொற்பொழிவுக் குழுவின் உறுப்பினர். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சாளரைப் பரிந்துரைத்தவர் முதல் வரிசையில் உட்கார வேண்டும். பேச்சு தொடங்கும்போது அரங்கம் காலியாக இருந்தால், குழுவில் அவருடைய இடமும் காலி.

அத்தைக்கு அந்த இடம் உயிர். நாளெல்லாம் நின்று கத்துகிறவளுக்கு, உட்கார்ந்து மெதுவாகப் பேசக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

அதைப் பணயம் வைத்து ஒரு வெளிநாட்டு ஆய்வாளரைப் பரிந்துரைத்தாள். அந்த அம்மா தினமும் அத்தையின் பஸ்ஸில் ஏறி, எங்கும் இறங்காமல், கூட்டத்தையே பார்த்துக்கொண்டு வருவார். நான் வைத்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. மேல்கம்பி அவருக்குத் தோள் உயரம்.

"பஸ்ல சும்மா சுத்துறவங்கள மேடை ஏத்தச் சொல்றியேம்மா, அப்படி என்ன ஆராய்ச்சி?" என்றார் செயலாளர்.

"உள்ள எடம் இருந்தும் ஜனங்க ஏன் வாசல்லயே தொங்குறாங்கன்னுதான் சார். கேக்க வருவாங்க, நான் பொறுப்பு."

"வரலன்னா?"

"எறங்கிக்கிறேன்."

சொற்பொழிவு நாளன்று மாலை கூட்டம் அள்ளியது. ஆனால் அத்தனை பேரும் வாசலில். பாதியில் நழுவ அதுதான் வசதி. உள்ளே அத்தையும் வெறும் நாற்காலிகளும்.

"வாசல்ல நிக்கிறதெல்லாம் கணக்குல வராதும்மா," என்றார் செயலாளர்.

அத்தையின் முகம் சுண்டிப்போனது.  

ஒட்டகச்சிவிங்கி மைக்கைப் பிடித்து, பாடப்புத்தக நடையில், "அன்புகூர்ந்து உள்ளே வந்து அமருங்கள்," என்றார். ஒரு செருப்புகூட அசையவில்லை. அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "என் ஆய்வு இதுதான். விடையை இவர் காட்டுவார்," என்று அத்தையை மேடைக்குக் கூப்பிட்டார்.

அத்தை பையிலிருந்து விசிலை எடுத்து ஒரே ஊது.

"படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ. பெரியவரே, கதவ விட்டுட்டு நகருங்க. ஏய் கோடு போட்ட சட்டை, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா? முன்னாடி பூரா காலியாக் கெடக்கு பாரு."

கால்கள் தாமாக நகர்ந்தன. இல்லாத கம்பியைப் பிடிக்கக் கை தூக்கியவர்களும் உண்டு. கண் மூடித் திறப்பதற்குள் அரங்கம் நிறைந்தது. அத்தை இறங்கிவந்து முதல் வரிசையில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். செயலாளரின் நாற்காலியில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர் சுவரோரம் நின்றபடியே குனிந்து கேட்டார்: "அடுத்த பேச்சுக்கு யாரச் சொல்லப் போறேம்மா?"

"சொல்றேன் சார். மொதல்ல வழிய விட்டுத் தள்ளி நில்லுங்க."