கழுத்துப் பொத்தான்

முடிச்சூர் சாலையில் நடந்துகொண்டே சட்டையை மாட்டினேன். வெளிச்சம் மங்கியிருந்தது. பின்னால் இருந்தது ஜமீன் பங்களா. சுற்றுலா வருபவர்களுக்காகப் புதுப்பித்திருந்தார்கள். வாசலில் கும்பிட்டு நிற்க அன்று காலை என்னையும் சேர்த்து இரண்டு பேரை எடுத்திருந்தார்கள்.

இன்னொருவருக்கும் என் வயதுதான் இருக்கும். வெயிலிலும் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். மேனேஜர் தலைப்பாகைகளை நீட்டி, "சட்டையக் கழட்டுங்க, அப்பதான் அந்தக் கால லுக் வரும்" என்றார்.

சாப்பாடு உண்டே என்று உடனே கழற்றினேன்.

"எங்க தாத்தா இந்த வாசலாண்ட சட்டை போட்டுகினு நின்னா உதைப்பாங்க சார். நான் போட்டுகினுதான் நிப்பேன்" என்றார் அவர்.

"அப்ப கிளம்பு."

தலைப்பாகையை மடித்துக் கொடுத்தார். போகும்போது என் வெறும் மார்பைப் பார்த்தார்.

"இன்னாபா, காத்து நல்லா வருதா?"

மாலைவரை கும்பிட்டேன்.

மறுநாள் காலை மேடவாக்கத்தில் தண்ணீர் லாரியில் வேலைக்குச் சேர்ந்தேன். குழாய் பிடித்ததில் சட்டை தொப்பலாக நனைந்தது. கழற்றவில்லை.