தீர்ப்பை மாற்றிச் சொல்கிறேன், சேவியர்

செய்தி வந்தபோது, நான் வேலை செய்யும் வீட்டில் மேசைவிரிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சேவியரின் மனைவி ரெஜினா தொலைபேசியில் அழுதாள். “அண்ணை, இவர் தண்ணிப் போத்தல் கட்டோடை படியிலை இருந்தவராம். பிறகு எழும்பேல்லை.”

இந்த இத்தாலிய நகரத்தின் கால்சாப் பகுதியில் அவர் வேலை பார்த்த வீடு நாலாம் மாடியில் இருக்கிறது. அங்கே லிஃப்ட் உண்டு, ஆனால் அது வீட்டுக்காரருக்கு. சேவியருக்குப் பின்பக்கப் படிதான்.

கோயிலில் நடந்த இறுதிப் பூசையில் அந்த வீட்டுக்கார அம்மா, அவருடைய சின்யோரா, விம்மி விம்மி அழுதார். “எங்கள் வீட்டு ஆள் மாதிரி” என்றார். அழுகை உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம்மவர்களும் உருகிப்போய்த் தலையாட்டினார்களே, அதைப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது. வீட்டு ஆளை யாராவது பின்படியால் ஏற்றுவார்களா?

அதே வார்த்தையை நாம் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறோம். நம் பட்டிமன்றத்துக்கு வந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டுப் போரைத் தொட்டால் மண்டபத்திலேயே அடிபாடு வரும் என்று பயந்து, “அமெரிக்கச் சண்டையை எடுப்பம், அது ஒருத்தருக்கும் நோகாது” என்று சொன்ன புத்திசாலி நான்தான். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமைமுறையா, மாநில உரிமையா? இதுதான் தலைப்பு. நடுவரும் நானே.

மாநில உரிமைக்காகப் பேசியவர் மாஸ்ரர். ஊரில் படிப்பித்தவர், இங்கே பலருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர். வரி, சட்டம், சுயமரியாதை என்று அழகாக அடுக்கினார். “அடிமையள் எண்டாலும் வீட்டு ஆக்கள் மாதிரித்தான் வைச்சிருந்தவை” என்று முடித்தார். மண்டபம் கைதட்டியது.

சேவியர் ஒரு கொப்பியோடு எழுந்தார். அவர் தூசி தட்டும் வீட்டில், இறந்துபோன வழக்கறிஞர் ஒருவரின் புத்தக அலுமாரி இருந்தது. அதிலிருந்து இத்தாலிய மொழியில் வாசித்துத் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

“ஏன் பிரியிறம் எண்டு பிரிஞ்சு போன தெற்கு மாநிலத்தாரே எழுதி வைச்சிருக்கினம். அடிமையளை விட ஏலாது எண்டு. செய்தவன் ஒத்துக்கொண்டதை நீங்கள் ஏன் மூடி மறைக்கிறியள்? மாநில உரிமை, சரி மாஸ்ரர். என்ன செய்யிற உரிமை?”

மாஸ்ரர் சிரித்தார். சேவியர் கொப்பியை மூடினார். “வீட்டு ஆள் எண்டால் என்ரை அப்புவுக்கு ஏன் செம்பை விட்டுச் சிரட்டையிலை தண்ணி வாத்தவை?”

எந்த வீட்டில் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே ஊர்க்காரனான என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் என்ன தீர்ப்புச் சொன்னேன்? பாம்பும் சாகக்கூடாது, தடியும் முறியக்கூடாது என்று, “இரண்டு அணியும் சமம்” என்றேன். வெட்கம் கெட்ட தீர்ப்பு. எல்லோரும் சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை கபோ சந்தையில் சேவியரைக் கண்டேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடியே சொன்னார்: “அண்ணை, உண்மைக்கும் பொய்க்கும் நடுவிலை கதிரை போட்டு இருக்கேலாது.” பிறகு எனக்கும் நல்ல மீனாக ஒன்று தெரிந்தெடுத்துத் தந்தார். அதன் பின் அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது, என் பெர்மெசோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்கும் நாள் தவறாமல் இருக்க, குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்துக்கு விடியற்காலையிலேயே போய் எனக்காக வரிசை பிடித்தவரும் அவர்தான்.

நான் தொகுக்கும் நினைவு மடலில் சின்யோராவின் வார்த்தையைத் தலைப்பாகப் போடலாம் என்று மாஸ்ரர் சொன்னார். “எவ்வளவு பெருமை பாருங்கோ, வீட்டு ஆள் மாதிரி எண்டெல்லோ சொன்னவ.” நான் அதை வெட்டிவிட்டேன். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

ரெஜினா அந்தக் கொப்பியை என்னிடம் தந்திருக்கிறாள். சேவியரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், நான் சொல்லாமல் விட்ட தீர்ப்பும்தான். இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். போருக்குக் காரணம் அடிமைமுறை. வென்றவர் சேவியர்.

அன்று நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிரட்டை எங்கள் வீட்டு வேலியில்தான் செருகியிருந்தது. எங்களிடம் வேலை செய்த அவருடைய அப்புவை “வீட்டு ஆள் மாதிரி” என்று என் ஐயா எப்போதும் சொல்வார். அந்தச் சிரட்டையில் நானும் தண்ணீர் வார்த்திருக்கிறேன். அது சேவியருக்குத் தெரியும்.