என் வாயில் வராத கட்டை

என் வீட்டுக்காரருடைய பெயரும், கல்லில் இழைத்து நெற்றிக்கு இடுகிறோமே, அந்த வாசனைக் கட்டையின் பெயரும் ஒன்று. தாலி ஏறிய நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. கட்டை என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் புரிந்துகொள்ளுங்கள்.

அது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்த சமயம். செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அவர் துரை பங்களாவில் சமையல் பார்க்கும் குசினிக்காரர், நான் பால்மரம் வெட்டுகிறவள். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, பங்களாவைச் சுற்றியும் முள்கம்பி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடும் என்று, ஒரு பிடி அரிசியைக்கூட கம்பிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்.

துரைசானி ஒரு விருந்துக்குப் பால் புட்டிங் செய்யச் சொன்னாராம். அதில் அந்தக் கட்டையின் வாசனை வரவேண்டுமாம். இந்தியாவில் ஏதோ அரண்மனையில் சாப்பிட்டிருக்கிறார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு.

“சாமிக்குப் பூசுறத, பொணத்துக்கு வைக்கிறத, போய்த் திம்பாங்களா?”

“திம்பாங்க புள்ள. கரண்டிய நக்கி நக்கித் திம்பாங்க.”

கட்டையைச் சிராய் சிராயாகச் சீவி, வெள்ளைத் துணியில் முடிந்து, சுடுபாலில் போடுவாராம். கொஞ்சம் அசந்தால் பால் கசந்துவிடும். அதனால் அடுப்பை விட்டு நகராமல் மோந்துகொண்டே நிற்பாராம். வாசனை ஏறியதும் முடிச்சை எடுத்துவிட்டு, முட்டையும் சீனியும் அடித்துச் சேர்த்து, ஆவியில் வேகவைத்து, ஐஸ்பெட்டியில் குளிரவிடுவது. “ஒனக்கு ஒரு வாய் கொண்டாறேன், அப்பறம் சிரி” என்றார்.

கொண்டுவரக் கிளம்பியதுதான் வினையாகிவிட்டது.

விருந்துக்கு மறுநாள், மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் துரைசானி துரையோடு மலாக்காவுக்குப் போய்விட்டார். இவர் ஒரு தகரக் குவளையில் புட்டிங்கை வழித்து, ஊறிய கட்டை முடிச்சையும் எனக்குக் காட்டச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பங்களா கேட்டில் அன்றைக்குப் புதிதாக வந்த மலாய்ப் போலீஸ்காரர். சாப்பாடு வெளியே போகிறது என்று பிடித்துக்கொண்டார். பையில் கட்டையைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. சாப்பாட்டில் போட்டது என்றால் யார் நம்புவார்கள்? “பெண்சாதிக்குத்தான் கொண்டுபோகிறேன்” என்று இவர் சொல்ல, அவளைக் கூட்டி வாருங்கள், இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் விடுகிறேன், இல்லாவிட்டால் போலீஸ் லோரியில் ஏற்றிவிடுவேன் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார்.

அப்போதெல்லாம் லோரியில் ஏறினவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரரைத் தூரத்தில் லோரியோரம் நிறுத்தியிருந்தார்கள். போலீஸ்காரர் மலாயில் கேட்கக் கேட்க, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தமிழில் சொன்னார்.

“ஒம் புருசன் பேரு என்னம்மா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சரி, இந்தக் குவளையில என்ன வாசன?”

அதற்கும் அதே சொல்.

“இது என்ன கட்டைன்னாவது சொல்லு.”

அதற்கும்தான்.

“மூணுல ஒண்ணாவது சொல்லித் தொலையேண்டி!” என்று அக்கா என் இடுப்பில் கிள்ளினார். பிறகு கிராணியிடம், “ஐயா, அவ சொல்ல மாட்டா. அவ புருசன் பேரும் கட்ட பேரும் ஒண்ணுதானே?” என்றார்.

கிராணி அதை எடுத்துச் சொன்னார். போலீஸ்காரர் கேட்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்சாதி எங்கே இருக்கிறாள், இவள் பெண்சாதியே இல்லை என்றார். லோரியின் பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. லோரியோரம் நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சொல்லு என்று கேட்கிற பார்வையாக இல்லை. பரவாயில்லை புள்ள என்கிற மாதிரி இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மலாயில் சொன்னால் அது மரத்தின் பெயர்தானே, அவர் பெயராகாதே.

“செண்டானா” என்றேன். எனக்கே கேட்கவில்லை. பிறகு கத்தினேன். “கட்ட, செண்டானா! கொவளையில இருக்கிறது, செண்டானா! அவங்க… அவங்களும் செண்டானா!”

“சுமுவா செண்டானா கா?” எல்லாமே செண்டானாதானா என்று போலீஸ்காரர் கண்ணை உருட்டினார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் வீட்டுக்காரருடைய அடையாள அட்டையை எடுத்து, பெயரைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். போலீஸ்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குவளையை எடுத்து மோந்து பார்த்தார். அந்த முகம் மெல்ல இளகிற்று.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். குவளை கேட்டைத் தாண்டக்கூடாது. “மாக்கான் சினி” என்றார். இங்கேயே சாப்பிடு.

அத்தனை பேர் பார்க்க நான் சாப்பிட்டதே இல்லை. கம்பி வேலிப் பக்கம் திரும்பி நின்று, விரலால் ஒரு வாய் எடுத்தேன். வெயிலில் இளகிப்போயிருந்தது. முதலில் வெறும் இனிப்பு. விழுங்கின பிறகுதான் தொண்டையிலிருந்து மூக்குக்கு வாசனை ஏறிற்று. சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். “கசக்குதா?”

“இல்லைங்க. நீங்க சாப்பிட்டீங்களா?”

“மோந்ததோட சரி. வாயில வைக்கல.”

அவருக்கு முந்தி நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெட்கத்தோடு குவளையை நீட்டினேன். வாங்கினார், ஆனால் கை நடுங்கி, குவளை அவர் பல்லில் கடகடவென்று இடித்தது. நான் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் குடித்து முடிக்கிறவரைக்கும் கையை எடுக்கவில்லை.